மாடத்திக்குத் தொண்டை கட்டின கதை

ஒரு ஊர்ல ஒரு மாடத்தி இருந்தா. வாயின்னா வாய், ஊருக்கே கேக்குற வாய். நீ ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன். ஆங்.

குளத்துத் தண்ணி முதல்ல சுடலைமுத்து அண்ணாச்சி வயலோரமா ஓடி, அப்புறம்தான் மாடத்தி வயலுக்குப் போகும். மடைப் பலகையைத் தூக்கணும்னா மேல்வயக்காரர் ஒரு கை, கீழ்வயக்காரர் ஒரு கை, சேர்ந்துதான் தூக்கணும். அந்த ஊர் வழக்கம் அப்படி. மாடத்தி நாத்துப் பாவி இருபது நாளாச்சு, நிலம் பாளம் பாளமா வெடிக்குது. இந்த மனுஷன் கை வைக்க மாட்டேன்னுட்டாரு. வயிறு எரியுமா எரியாதா?

மொத நாள் போனா. வரப்புல நின்னு, அவரு பரம்பரையையே இழுத்துப் படபடன்னு ஏசினா. அவரு என்னமோ சொல்ல வாயத் திறந்தாரு, இவ விட்டாத்தானே. போயிட்டாரு.

அப்புறம் ரெண்டாம் நாள் தெருவையே கூட்டிட்டுப் போனா. அவரும் ஆள் கூட்டிட்டு வந்தாரு. அந்தப் பக்கம் காச்சு மூச்சு, இந்தப் பக்கம் காச்சு மூச்சு. யாரு என்ன சொன்னாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப நெனச்சாலும் எனக்கு ஆத்திரமா வருது. நாத்து சாகுது, அதைத் திரும்பிப் பாக்க ஒரு ஆளில்ல.

தூங்கிட்டியா? ம், சரி.

மூணாம் நாள் மாடத்திக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கிர்ர்னு காத்துதான் வருது. அப்போ என்ன பண்ணுவா? ஏச முடியல, கேக்கத்தான் முடிஞ்சுது.

“அண்ணாச்சி, தண்ணி விட்டா உங்களுக்கு என்ன ஆகுது?”

அவரு வாய்க்கால் கரைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கரை பூரா நண்டு வளை. தண்ணி வந்தா குபுகுபுன்னு அவரு வயல்லதான் பாயும். அங்க அறுத்துப் போட்ட கதிர் கெடக்கு, நனைஞ்சா முளைச்சுப் போயிடும். அவருக்கோ இடுப்புப் பிடிப்பு, குனிஞ்சு அடைக்க முடியல.

மாடத்திக்கு வந்துச்சே கோவம். “இதை முந்தாநாளே சொல்றதுக்கென்ன?”ன்னு கீச்சுக் குரல்ல கேட்டா.

“முந்தாநாள் நீ கேட்டியா தாயி?”ன்னாரு.

அந்தக் கோவத்தோடயே குளத்துக் களிமண்ணை அள்ளி, சதக் சதக்னு ஒவ்வொரு வளையா அடைச்சா. பொழுது சாயறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. அப்புறம் ரெண்டு பேரும் பலகையைத் தூக்கினாங்க. தண்ணி சலசலன்னு ஓடுச்சு, கதிர்ல ஒரு சொட்டு படல. ஆனா மாடத்தி நாத்துல பாதி காய்ஞ்சே போச்சு. வளை அடைக்க ஒரே நாள் வேலைதான் கண்ணு.

அந்த வருஷம் அவ வயல்ல பாதி தரிசாக் கெடந்துச்சு. பாக்குறவங்க எல்லாம் சுடலைமுத்தைத்தான் திட்டினாங்க. மாடத்தி மட்டும் திட்டல.

“இந்தப் பாதி, நான் கத்திக் காயவிட்டது”ன்னா.

அம்புட்டுதான் கதை. கண்ண மூடு.