டிரம்முக்குள் போன பந்து

அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடந்தது. அதன் கைகள் இரண்டும் ஒரே அளவு. குழி தோண்டும் பழக்கமும் அதற்குக் கிடையாது. மீனும் பறவையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசத் தெரிந்துவிட்டால் அடுத்தது என்ன, பள்ளிக்கூடம்தான். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் சேற்றுத் திடலில், கழிமுக உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று நடந்துவந்தது.

அந்தப் பள்ளியில் கை உள்ள மாணவன் ஒரே ஒருவன். செவத்தையா என்று பெயர், நண்டு. மீன்களுக்குத் துடுப்பு இருந்தது, பறவைகளுக்கு இறக்கை இருந்தது, சங்குக்கும் நத்தைக்கும் அதுவும் இல்லை. பெண் நண்டுகள் எங்கே போயின என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் அக்கரையில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்கள். அதனால்தான் இந்தக் கதையின் வம்பு எதிலும் மாட்டாமல், இன்றைக்கும் இரண்டு சின்னக் கைகளோடு நிம்மதியாக இருக்கிறார்கள்.

கை வேண்டிய வேலை எல்லாம் செவத்தையா தலையில் விழுந்தது. மணி அடிப்பது அவன். கரும்பலகை துடைப்பது அவன். ஹெட்மாஸ்டர் கூழைக்கடாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பதும் அவன்தான். கால்பந்து அணிக்கு அவனை விட்டால் கோல்கீப்பர் இல்லை. பேண்டு வாத்தியத்தில் பெரிய டிரம் அடிக்கவும் அவனை விட்டால் ஆள் இல்லை.

சலித்துக்கொண்டானா என்றால், இல்லவே இல்லை. கோலில் நிற்கும்போது முன்னால் பத்துப் பேர் தன்னை நம்பி ஓடுவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும். டிரம் அடிக்கும்போது, தன் ஒரு அடிக்கு நாரைகள் எல்லாம் ஒன்றாகக் காலெடுத்து வைப்பதும், சோம்பேறி நத்தைகூட வேகம் பிடிப்பதும் பிடிக்கும். இதில் எது ரொம்பப் பிடிக்கும் என்று அவன் யோசித்ததே கிடையாது. இரண்டு கை இருக்கிறவன் எந்தக் கை ஒசத்தி என்றா யோசிப்பான்?

வருஷத்துக்கு ஒரு முறை மேட்டுப் பள்ளியோடு கோப்பைக்கான ஆட்டம் நடக்கும். மேட்டுப் பள்ளியில் வெள்ளாடும் முயலும் கழுதையும் குரங்கும் படித்தன. தண்ணீர் வற்றியதும் ஆட்டம் தொடங்கும். ஏறி வரும் தண்ணீர் கோல் கம்பத்தைத் தொட்டதும் முடியும். முதலில் கழிமுகத்து பேண்டு திடலை ஒரு சுற்று சுற்றி வரும். அதைக் கேட்க மேட்டிலிருந்து ஊரே இறங்கி வரும். வாசிப்பில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. விளையாட்டில் மட்டும் வருஷா வருஷம் தோற்றார்கள். ஒரு வருஷம் ஏழு கோல். இன்னொரு வருஷம் தலையால் முட்டப் போன நாரையின் அலகில் பந்து குத்திக்கொண்டு, அதைப் பிடுங்குவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பியூகிள் ஊதும் சங்குகள் வெற்றி மெட்டு ஒன்றை ஒவ்வொரு வருஷமும் பழகி வைக்கும். திடலில் அதை ஊத ஒரு முறைகூட வாய்த்ததில்லை.

டிரில் மாஸ்டர் ஆமைக்கு இது பெரிய அவமானமாகப் போயிற்று. தன் ஆயுளில் ஒரு நாளும் ஓடியிராதவர் அவர். ஆனால் மற்றவர்களை ஓடவைப்பதில் கெட்டிக்காரர். ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே பேண்டு மாஸ்டர் கொக்கும் நுழைந்தார்.

"தண்ணி வத்துறதே ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம். அதுல பாதி நேரம் இந்தப் பய டிரம்மத் தூக்கிட்டுப் போயிருதான். பந்து எப்பப் பழகுவான் சார்?" என்றார் ஆமை.

"மீதிப் பாதி நேரம் அவன உங்க கோல்ல நட்டு வச்சிருதீங்களே, அதுக்கு நான் எங்க போய் முட்டிக்கிட?" என்றார் கொக்கு. "டிரம் இல்லாம என் புள்ளைக ஆளுக்கொரு பக்கம் நடக்குதுக."

இது முதல் தடவை நடக்கும் சண்டை இல்லை. கூழைக்கடா அலகைத் திறந்து, உள்ளே இருந்த கோப்புகளைச் சரிசெய்து, மூடினார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"நாளைக்கு ஆட்டத்தோட இதுக்கு ஒரு முடிவு கட்டிருவோம்" என்றார். "ஜெயிச்சா நண்டு பந்துக்கு. பேண்டை மூட்டை கட்டி வச்சிருங்க. தோத்தா நண்டு டிரம்முக்கு. கோல்கீப்பர் இல்லாம டீம் எதுக்கு? கலைச்சிரலாம். இனிமே என் ரூமுக்கு இந்தப் பஞ்சாயத்து வரக் கூடாது."

அப்போது செவத்தையா அதே அறையில், அதே மேசைக்குப் பக்கத்தில், அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் நின்றான். உனக்கு எது வேண்டும் என்று ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. கண்ணாடியை நீட்டினான், ஹெட்மாஸ்டர் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அணியின் கேப்டன் முத்துமாடன் அவனிடம் துள்ளித் துள்ளி வந்தான். சேற்றில் குதித்துத் திரியும் உளுவை மீன் அவன்.

"ஏல செவத்தையா, ஒரு பந்தக்கூட விட்றாத. தோத்தோம்னா நாளையிலேர்ந்து நாங்க பத்துப் பேரும் இந்தச் சேத்துல சும்மாதான் கெடக்கணும்."

அவன் போனதும் பியூகிள்காரன் பிச்சைக்கனி உருண்டு வந்து சேர்ந்தான். சங்குகளிலேயே கணீரென்று ஊதுகிறவன் அவன்தான்.

"நீ பந்தப் பிடிக்காதன்னு நான் எப்படிடே சொல்லுவேன்? நீ பிடி. நாங்க என்னமோ பண்ணிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு உருண்டு போனான். முத்துமாடன் சொன்னதைவிட இதுதான் செவத்தையாவை அதிகமாக வாட்டியது.

ஆட்டம் தொடங்கியது. திடலைச் சுற்றி டிரம் அடித்து முடித்து, அதைத் தூக்கிவைக்க வேறு ஆள் இல்லாததால் கோல் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, செவத்தையா கோலுக்குள் போய் நின்றான். நடுவர் ஆள்காட்டிக் குருவி விசில் ஊதியது. ஊதி ஊதித்தான் அதற்கு அந்தக் குரலே வந்தது என்பார்கள், அது வேறு கதை.

அன்றைக்கு என்ன நேரமோ, கழிமுகத்துக்கு எல்லாம் கூடிவந்தது. சேறு வழுக்கி வெள்ளாடுகள் தடுமாறின. முத்துமாடன் எகிறிக் குதித்துத் தலையால் முட்டிய பந்து, கோலில் நின்ற குரங்கின் கால்களுக்கு நடுவே புகுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம்! இதற்கு முன் அந்தப் பள்ளி முன்னிலை என்பதையே கண்டதில்லை. ஆமை மாஸ்டர் எழுந்து நின்றார் என்றுகூடச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும். அந்தச் சமயம் பார்த்து முத்துமாடனின் துடுப்பில் பந்து பட்டுவிட்டது. ஆள்காட்டி விசில் ஊதி, பெனால்டி என்றது.

"எதுக்கு?"

"ஹேண்ட்பால்."

"எனக்கு ஏது சார் கை?" என்று கத்தினான் முத்துமாடன். "கையே இல்லாதவனுக்கு என்ன ஹேண்ட்பாலு?"

ஆள்காட்டி இரண்டு கணம் யோசித்தது. ஆனாலும் ஊதியது ஊதியதுதான்.

கழுதை பந்தை வைத்துவிட்டு, கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. அதன் உதை அப்படித்தான். பந்து உள்ளே போனால் ஒன்றுக்கு ஒன்று. சமமானால் கோப்பை பழையபடி மேட்டுப் பள்ளிக்குத்தான் என்பது சட்டம். அப்படிப் போனால் அது தோல்வி.

செவத்தையா இடது பக்கம் பார்த்தான். முத்துமாடனும் மற்ற ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வலது பக்கம் பார்த்தான். பேண்டுக்காரர்கள் வரிசை கலையாமல் நின்றார்கள். பிச்சைக்கனி மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பந்தைப் பிடித்தால் இந்தப் பேண்டு போய்விடும், விட்டால் அந்த அணி. பிடிக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

கழுதையின் பின்னங்கால்கள் எழும்பின.

தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செவத்தையா டிரம்மின் வாரைக் கையில் சுற்றி இழுத்து, அதைக் கோலுக்கு நடுவே தனக்கு முன்னால் போட்டான். பந்து வந்து மோதிக் கிழிபட்ட தோல் போட்ட சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. பந்து தோலைப் பொத்துக்கொண்டு டிரம்முக்குள் போய்விட்டது. வாரில் சிக்கிய கையைத் திருகிக்கொண்டு டிரம் இரண்டு சுற்றுச் சுற்றி, சரியாகக் கோல் கோட்டின் மேல் படுத்தது. பாதி டிரம் உள்ளே, பாதி டிரம் வெளியே.

பந்து எந்தப் பாதியில் இருந்தது?

ஆள்காட்டி ஓடி வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓடிப் பார்த்தது, அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தது. டிரம்மை அசைத்தால் பந்து உருண்டுவிடும். அசைக்காவிட்டால் உள்ளே தெரியாது. "கோல்!" என்றது கழுதை. "இல்ல!" என்றான் முத்துமாடன். கிழிசலுக்குள் எட்டிப் பார்க்கலாம் என்று ஆள்காட்டி குனிந்த நேரத்தில் தண்ணீர் வந்து கம்பத்தைத் தொட்டது, டிரம்மை மூடியது.

"தண்ணி வத்தட்டும்" என்றது ஆள்காட்டி. "பந்து இருந்த இடத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் ஆட்டம் முடியல."

தண்ணீர் வற்றியபோது கம்பங்களைக் காணோம், கோட்டைக் காணோம், டிரம்மையும் காணோம். எல்லாவற்றையும் சேறு விழுங்கிவிட்டது. தீர்ப்பு வராததால் ஹெட்மாஸ்டரின் முடிவும் நின்றுபோயிற்று. "டிரம் கெடைக்கிற வரைக்கும் எல்லாம் பழையபடி நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தேடும் வேலையை அவர் செவத்தையாவிடமே கொடுத்தார். தோண்டக் கை வேண்டுமே.

வாரில் சிக்கித் திருகிய கை வீங்கி வீங்கி, அவன் உடம்பில் பாதி அளவுக்கு வந்துவிட்டது. வடியவே இல்லை. சின்னக் கையாலும் கால்களாலும் சேற்றை உருட்டி உருட்டி வெளியே போட்டுத் தோண்டினான். நடுநடுவே மேலே வருவான். டிரம் இல்லாமல் நாரைகள் ஆளுக்கொரு பக்கம் நடக்குமே என்று, குழி வாசலில் நின்று, வீங்கிய கையைத் தூக்கித் தூக்கி வெறும் காற்றில் தாளம் அடிப்பான். அதைப் பார்த்து பேண்டு நடக்கும். கம்பம் இல்லாததால் குழி வாசலையே கோலாக வைத்துக்கொண்டு, பந்து மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பக்கவாட்டிலேயே ஓடி ஓடித் தடுப்பான். அப்படியே ஓடிப் பழகி, நேராக நடப்பது மறந்தே போயிற்று.

இப்படி எத்தனை நாள் போனதோ. ஒரு நாள், ஆழத்தில், அவன் விரல் நுனியில் இரும்பு வளையம் தட்டுப்பட்டது.

டிரம்தான். சேறு அதை இறுக்கிப் பிடித்து, அன்று விழுந்த வாக்கிலேயே வைத்திருந்தது. பக்கத்தில் புதைந்து கிடந்த கம்பத்தின் அடியும் தட்டுப்பட்டது. கோடு எங்கே ஓடியது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி கிழிசலுக்குள் கையை விட்டுப் பந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று தடவினால் போதும். அத்தனை நாளும் அவனைத் தூங்கவிடாமல் குடைந்த கேள்வி அது. நான் பிடித்தேனா, விட்டேனா? அவன் சின்னக் கை கிழிசல் வரைக்கும் போயிற்று.

மேலே பியூகிள் சத்தம் கேட்டது. முத்துமாடன் துள்ளும் அதிர்வு சேற்றின் வழியாக வந்தது. பேண்டும் பந்தும் ஒரே திடலில் நடந்துகொண்டிருந்தன.

முத்துமாடன் குழி வாசலில் தலையை நீட்டினான். "ஏல செவத்தையா, ஆப்டுச்சா?"

செவத்தையா கையை வெளியே எடுத்தான்.

"இல்லல. இங்கன வெறுஞ்சேறுதான்" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுதான்.

மேலே ஏறி வந்து, ஈரச் சேற்றை ஒரு உருண்டையாக உருட்டி, குழி வாயை இறுக அடைத்தான். பக்கவாட்டில் நாலு எட்டு நகர்ந்து, வேறு ஒரு இடத்தில் புதிதாகத் தோண்ட ஆரம்பித்தான்.

அன்று முதல்தான் கழிமுகத்து ஆண் நண்டுகள் பக்கவாட்டில் நடக்கின்றன, தண்ணீர் வற்றியதும் குழி வாசலில் நின்று ஒற்றைப் பெரிய கையால் காற்றில் தாளம் போடுகின்றன, தண்ணீர் ஏறும் முன் தங்கள் குழியைச் சேற்று உருண்டையால் தாங்களே மூடிவிடுகின்றன. அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.