ஒரு வாய் நெற்று

அந்தக் காலத்தில் எல்லா மிருகங்களுக்கும் கண்மணி உருண்டையாகத்தான் இருந்தது. ஆடு குனிந்தால் அதற்குப் புல் மட்டும்தான் உலகம். பக்கத்தில் எமனே வந்து நின்றாலும் தெரியாது. அதனால் ஆடுகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்று மேயும்போது இன்னொன்று தலைநிமிர்ந்து காவல் நிற்கும். காவல் நிற்பது ஒரு வாய்கூடத் தின்னக் கூடாது.

மழை பொய்த்த ஒரு வருஷம், செவலை என்ற வெள்ளாடு தலையீற்றுக் குட்டி போட்டிருந்தாள். மடி வற்றிக் கிடந்தது. அவள் மேய்ந்தால்தான் குட்டிக்குப் பால். காவலுக்குத் தங்கை போரி வந்தாள்.

"நீ மேயிக்கா. அதான் நான் நிக்கறேன்ல?"

செவலை நம்பிக் குனிந்தாள். கூடப்பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

கோரைப் புல்லுக்குள் ஒரு காட்டுப்பூனை பதுங்கியிருந்தது. விடிந்ததிலிருந்து அது குட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் எட்டுமா எட்டாதா என்று புல்லிடுக்கு வழியே அளந்து அளந்து, அதன் கண்மணி ஒடுங்கிப்போய்க் கோரையைப் போலச் செங்குத்தாக நின்றுவிட்டது. போரி நிமிர்ந்திருந்தவரை அது அசையவில்லை.

அப்போது குடைவேல மரத்திலிருந்து ஒரு நெற்று போரியின் காலடியில் விழுந்தது. பசி யாருக்குத்தான் இல்லை? அவள் குனிந்தாள்.

குட்டி ஒரே ஒரு தடவைதான் கத்தியது. செவலை நிமிர்ந்தபோது கோரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு வாய்தான்க்கா..." என்றாள் போரி. கடைவாயில் நெற்று இன்னும் இருந்தது. மந்தை, "எல்லாம் விதி" என்றது. மந்தைக்கென்ன, போனது அதன் குட்டியா?

அதன்பின் செவலை யாரையும் காவலுக்குக் கூப்பிடவில்லை. குனிந்து மேய்ந்தபடியே இடமும் வலமும் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவள் கண்மணி இரண்டு பக்கமும் இழுபட்டுப் படுத்துவிட்டது. தலையை எப்படித் தாழ்த்தினாலும் அது தரைக்கு மட்டமாகவே நின்றது.

அடுத்த வருஷம் போரி குட்டி போட்டாள்.

"உன் கண்ணுக்கு எதுவும் தப்பாதுக்கா. கொஞ்சம் நில்லேன். பழசை மனசுல வச்சுக்காத."

"மேயி" என்றாள் செவலை.

கோரை அசைந்தது. அதற்குள்ளே செங்குத்தாக இரண்டு கோடுகளைச் செவலை நன்றாகக் கண்டாள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். அவள் வாயிலிருந்த இலையை மென்றுகொண்டிருந்தாள்.

"நீ பாக்கலியாக்கா?" என்று அலறினாள் போரி.

"பாத்தேன்."

பழி தீர்ந்தால் மனசு ஆறும் என்று செவலை நினைத்திருந்தாள். ஆறவில்லை. தன் குட்டியின் கத்தல்தான் திரும்பவும் காதில் கேட்டது. போரியின் கண்மணியும் அந்தக் கோடையிலேயே இழுபட்டது. இதையெல்லாம் பார்த்திருந்த மந்தையும் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் பார்க்கப் பழகிக்கொண்டது.

அன்று முதல்தான் பூனையின் கண்மணி நின்றுகொண்டிருக்கிறது, ஆட்டின் கண்மணி படுத்துக் கிடக்கிறது. எத்தனை ஆடு ஒன்றாய் மேய்ந்தாலும், ஒன்றுக்காக இன்னொன்று காவல் நிற்பதில்லை.