தோல் போர்த்திய குட்டி

வருஷக் கடைசி நாள் மத்தியானம் மாசிலாமணி தேடிப் போனபோது, பைபிள் அம்மா ஆட்டுப் பட்டிக்குள் நின்றிருந்தார்.

வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துச் சொல்வது அவருடைய ஊழியம். வயிற்றுப்பாட்டுக்குச் செம்மறி வளர்த்தார். மாசிலாமணியைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் அறுபதை நெருங்கிய மாசிலாமணி அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். வேதத்தில் சந்தேகம் என்றால் அவரிடம்தான் வந்து நிற்பார்.

“அம்மா, யாக்கோபு செஞ்சது பாவமா?”

“எதைக் கேக்கீங்க? அவன் செஞ்சது ஒண்ணா ரெண்டா?”

“கண்ணு தெரியாத அப்பன்கிட்ட, அண்ணன் பேரைச் சொல்லி ஆசீர்வாதம் வாங்கினானே. அது.”

“அந்தக் கதை உங்களுக்குத் தலைகீழாச் சொல்லத் தெரியுமே. இன்னைக்கு என்ன புதுசா?”

மாசிலாமணி பட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருடைய அப்பா வேதக்கண்ணுக்குப் பார்வை போய்விட்டது. நினைவும் அங்கங்கே அறுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் மூத்த மகனான மாசிலாமணிதான். இளையவர் அருமைராஜ் பம்பாய்க்குப் போனவர். ஊர்ப்பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. ஆனால் கிழவர் வாயில் வருவது இளையவன் பேர்தான்.

“‘அருமை, ஒங்க அண்ணன் சரியான கருமிப்பய. கஞ்சியில உப்பே போட மாட்டான்’னு என்கிட்டயே என்னைப் பத்திக் கோள் சொல்லுதாரு. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதை நான் யாருட்ட போய்ச் சொல்ல?”

பைபிள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிலாமணிக்கும் கொஞ்சம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“நாளைக்கு விடிஞ்சா வருஷப் பிறப்பு. தலையில கைவச்சு ஆசீர்வதிப்பாரு. தம்பி ஊர்ல இருந்தப்ப அது முதல்ல அவனுக்குத்தான். கண்ணை மூடி நிதானமா ஜெபிப்பாரு. எனக்கு அவசர ஆசீர்வாதம்தான், இட்லி ஆறிடும்னு. இந்த வருஷம், ‘அருமை, ஒனக்குன்னு நெஞ்சுக்குள்ள ஒரு ஜெபம் வச்சிருக்கேன்’னு சொல்லிட்டே இருக்காரு. அடுத்த வருஷம் அவரு இருப்பாரோ என்னவோ. தம்பியாவே தலையைக் குனிஞ்சிட்டா அது எனக்குக் கிடைக்கும். நான் மூத்தவன்னு சொல்லி, அவரு கையை எடுத்துட்டா?”

“சொல்லப் பயமா, சொல்லாம இருக்கப் பயமா?”

“ரெண்டும்தான். ரோமக்கார அண்ணன் மாதிரி ஆட்டுத்தோலைக் கையில கட்டி அப்பனை ஏமாத்தினவனுக்கு என்ன ஆச்சு? மாமன் லாபான், ராகேலைக் கட்டித் தாரேன்னு சொல்லி அவ அக்கா லேயாளைத் தள்ளிவிட்டான். பெத்த பிள்ளைகளே தம்பி யோசேப்பு அங்கியில ஆட்டு ரத்தத்தைத் தோச்சு, அவன் செத்துட்டான்னு கொண்டாந்து காட்டினானுங்க.”

“காட்டினாங்க.”

“அப்ப?”

பைபிள் அம்மா ஒரு குட்டியின் முதுகைத் தடவியபடி கேட்டார்.

“அப்பன் ஈசாக்கு வேட்டைக்கறி ருசியில மூத்தவன் ஏசாவைப் பிடிச்சுக்கிட்டாரு. ஆத்தா ரெபெக்காள் கூடாரத்தையே சுத்திவந்த யாக்கோபைப் பிடிச்சுக்கிட்டா. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு யாரைச் சுட்டதுன்னு நினைக்கீங்க?”

“ஏசாவைத்தான்.”

“கண்ணு போனது ஈசாக்குக்கு.”

பைபிள் அம்மா பட்டியின் படலைத் திறந்தார்.

“உள்ள வாங்க. இந்தக் குட்டியைப் பிடிங்க.”

பிடித்த பிறகுதான் கவனித்தார். குட்டியின் மேல் இன்னொரு தோல் இருந்தது. வயிற்றுக்கடியில் சணல் போட்டுக் கட்டியிருந்தது.

“என்னம்மா இது, சட்டை போட்டிருக்கு?”

“இதைப் பெத்த ஆடு செத்துப்போச்சு. அந்தா நிக்குதே, அந்த ஆட்டுக்குக் குட்டி செத்துப்போச்சு. சும்மா கொண்டுபோய் விட்டா, மோந்து பாத்து முட்டித் தள்ளிரும். அதான் செத்த குட்டியோட தோலை உரிச்சு இதுக்குக் கட்டிவிட்டேன். நாலஞ்சு நாளா பால் குடிக்குது. மகன் கையில தோலைக் கட்டிவிட்ட ரெபெக்காளும் ஆட்டோட வாழ்ந்தவதானே.”

மாசிலாமணி அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து விறைத்திருந்தது. நாற்றமும் எடுத்திருந்தது.

“அவுத்து விடுங்க” என்றார் பைபிள் அம்மா.

“ஐயோ, முட்டிக் கொன்னுருமே!”

“இன்னொண்ணோட தோலுக்குள்ளயே இது எத்தனை நாள் கிடக்கும்? அவுங்க.”

சணல் முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. தோல் கீழே விழுந்ததும் குட்டி பாதியாகச் சிறுத்துவிட்டது போலிருந்தது. ஆடு தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. மாசிலாமணி குறுக்கே கையை நீட்டினார்.

“கையை எடுங்க.”

எடுத்தார்.

ஆடு குட்டியின் முதுகை முகர்ந்தது. வாலடியை முகர்ந்தது. மறுபடி முதுகுக்கு வந்தது. குட்டி எதையும் சட்டை செய்யாமல் மடியில் போய் முட்டியது. ஆடு காலை அகட்டிக்கொடுத்தது.

“தோலு போனது அதுக்குத் தெரியலையா?”

“தெரியாம இருக்குமா?”

“பின்ன எப்படி விடுது?”

“இத்தனை நாளும் இது குடிச்சது யாரு பாலு?”

மாசிலாமணி குட்டி வாலை ஆட்டுவதைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டு, விடியற்காலை ஆராதனைக்குப் போய்த் திரும்பினார். வேதக்கண் சலவை வேட்டி கட்டிக் கட்டிலில் காத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“அருமை வந்துட்டியா? வா, குனி.”

மாசிலாமணி கட்டிலோரம் முழங்கால் போட்டார். பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். கிழவரின் கை உயர்ந்து தலைக்கு மேல் வந்துவிட்டது.

“அப்பா, அருமை பம்பாய்ல இருக்கான். நான் மாசிலாமணி.”

கை அப்படியே நின்றது.

பிறகு இறங்கியது. தலையில் அல்ல, முகத்தில். மூக்கையும் காதையும் தடவிற்று. தோள் வழியே இறங்கி, மகனுடைய வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோயிற்று. கிழவர் முகர்ந்து பார்த்தார்.

“கஞ்சியில உப்புப் போடாதவன்தானே?”

“ஆமாப்பா.”

“குனி.”