குனிந்து பார்க்கிற கேமரா

"எங்க அப்பா என் கேமராவுக்கு மட்டும் முகத்தைக் காட்ட மாட்டேங்காரு" என்றார் செண்பகராஜ்.

டீச்சர் நெகட்டிவ்களைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்து நாலு. கோவில்பட்டியில் ஒரு மாடியில் இருட்டறை வைத்துக்கொண்டு, ஃபிலிம் கேமரா பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுப்பார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வந்துவிட்டால் அன்றைக்கு மழை பெய்யும்.

செண்பகராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்திரிகைக்கு இருபத்தேழு வருடமாகப் படம் எடுக்கிறவர். மேடை ஏறி மந்திரிகளையே "இப்படித் திரும்புங்க சார்" என்று திருப்பி நிறுத்திய ஆள். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்டு நிற்பதில் அவருக்கு உள்ளூர வெட்கம்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

"எத்தனை வருசமா காட்டல?"

"ஒம்பது."

"ஒம்பது வருசத்துக்கு முன்னால என்ன நடந்துச்சு?"

அவர் சொன்னார்.

அப்பா தனுஷ்கோடி நடத்திவந்த சின்னத் தீப்பெட்டிக் கம்பெனி ஒரு மத்தியானம் பற்றி எரிந்தது. ஆட்கள் எல்லாரும் தப்பிவிட்டார்கள். கம்பெனி தப்பவில்லை. அப்பா ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தச் செய்திக்குப் படம் எடுக்கப் போனவர் செண்பகராஜ். எடுத்தார். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு ஒரு பரிசும் கிடைத்தது.

அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை.

"வேலைக்குப் போன எடத்துல வேலையைச் செஞ்சேன்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சரி. இப்ப எதுக்குப் படம்?"

"அவருக்கு எண்பத்திமூணு ஆச்சு. வீட்ல அவரு படம்னு இருக்கது அது ஒண்ணுதான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்குத்தான் மாலை போடணும். அழுத மூஞ்சியவா டீச்சர் செவுத்துல மாட்ட?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தார். ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். முன்பக்கம் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். உச்சியில் மூடி. திறந்தால் சதுரமாக ஒரு கண்ணாடி. வயிற்றோடு வைத்துப் பிடித்து, குனிந்து அந்தக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்.

"ஒரு வாரம் பாத்துட்டு வாங்க, அண்ணாச்சி."

"ஃபிலிம்?"

"பாக்கதுக்கு எதுக்கு ஃபிலிம்?"

ஒரு வாரம் கழித்துக் கோபமாக வந்தார்.

"என்ன கண்றாவி இது? எல்லாம் வலது இடதா தெரியுது. தெருவுல ஒரு ஆடு. அது இந்தப் பக்கம் போனா கண்ணாடியில அந்தப் பக்கம் போகுது. பின்னாலயே திருப்புனா ஆட்டையே காணோம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"என்னைய நடுவுல கொண்டு வாங்க, பாப்போம்."

செண்பகராஜ் குனிந்தார். கண்ணாடியின் இடது ஓரத்தில் டீச்சர் இருந்தார். கேமராவை இடது பக்கம் திருப்பினார். டீச்சர் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டார். இன்னும் திருப்பினார். சுவரில் தொங்கிய காலண்டர்தான் வந்தது.

"எங்க போனீங்க?"

"நான் நின்ன எடத்துலதான் நிக்கேன்" என்றார் டீச்சர்.

இன்னும் ஒரு வாரம் போனது. கை பழகிவிட்டது. டீச்சர் ஒரு ரோல் கொடுத்தார், பன்னிரண்டு படம். செண்பகராஜ் டீச்சரையே கிட்டத்தில் உட்காரவைத்து எடுத்தார். கழுவிப் பார்த்தால் பன்னிரண்டிலும் டீச்சருக்கு நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை.

"கண்ணாடியில முழுசா இருந்தீங்களே!"

"பாத்தது மேல் லென்ஸு. எடுத்தது கீழ் லென்ஸு."

டீச்சர் மூன்று விரலைச் சேர்த்து, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் வைத்துக் காட்டினார்.

"கிட்டக்க எடுக்கும்போது பாத்து முடிச்சதும் இவ்வளவு தூக்கிக்கிடுங்க. பாத்த கண்ணு எங்க இருந்துச்சோ, எடுக்கிற கண்ணு அங்க வரணும்."

அதையும் பழகினார். பின்கழுத்துதான் விண்விண்ணென்று வலித்தது.

"ஒண்ணு கேக்கேன், டீச்சர். இதுல ஏன் குனிஞ்சே நிக்கணும்? எதுக்க இருக்கவரை நேரா பாத்து எடுத்தா என்ன?"

"இதுவரைக்கும் நேரா பாத்துத்தான் எடுத்தீங்களா?"

"பின்ன?"

டீச்சர் புது ரோல் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஏன் குனியிறோம்னு குனியிற ஆளுக்குத் தெரியாது, அண்ணாச்சி. எதுக்க இருக்கவங்களைக் கேளுங்க."

"அவருதான் பேசுறதே இல்லையே!"

"அப்ப கேக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். மகன் வருவதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்பது வருடப் பழக்கம்.

செண்பகராஜ் நாலடி தள்ளி நின்றார். பெட்டியை வயிற்றோடு வைத்து மூடியைத் திறந்தார். குனிந்தார்.

கண்ணாடியில் அப்பாவின் காது தெரிந்தது. கேமராவின் பக்கவாட்டில் இருக்கிற திருகைத் திருப்பித் திருப்பி அதைத் தெளிவாக்கினார். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. அப்படியே நின்றார்.

ரொம்ப நேரம் நின்றார். தெருவில் ஒரு கீரை வண்டி வந்து, கூவிவிட்டுப் போனது.

கண்ணாடியில் காது நகர்ந்தது. கன்னம் வந்தது. பிறகு முழு முகமும் வந்தது.

செண்பகராஜ் விரலைப் பொத்தானில் வைத்தார். ஆனால் அப்பா லென்ஸைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"உச்சியில முடியே இல்லையேல" என்றார் அப்பா.

செண்பகராஜுக்குத் தலையைத் தூக்கப் பயமாக இருந்தது. தூக்கினால் அந்தக் குரல் நின்றுவிடும் என்று நினைத்தார்.

"ஆமாப்பா."

"எப்பக் கொட்டுச்சு?"

"அது ஆச்சு, ஆறேழு வருசம்."

அப்பா பழைய பேட்டரியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ரோட்டுல உன்னையத் தேடுனேன்."

"நான் அங்கனதான நின்னேன்ப்பா."

"உன் சட்டை தெரிஞ்சுது. எம் மவன் வந்துட்டான்னு நிமிந்து பாத்தேன். மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல டப்பா இருந்துச்சு."

கண்ணாடியில் அப்பா கலங்கலாகிவிட்டார். திருகு நழுவிவிட்டது என்று நினைத்து செண்பகராஜ் அதைத் திருப்பினார். இந்தப் பக்கம் திருப்பியும் தெளியவில்லை, அந்தப் பக்கம் திருப்பியும் தெளியவில்லை. திருகில் ஒரு கோளாறும் இல்லை. அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

"ஏல, நிமிரு" என்றார் அப்பா.

நிமிர்ந்தார்.

சாயங்காலம் டீச்சர் ஈர நெகட்டிவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரே ஒரு கட்டத்தில்தான் படம் இருந்தது.

"கொஞ்சம் கலங்கி இருக்கு. தலையும் வெட்டுப்பட்டிருக்கு. மூணு விரல் தூக்கலையா?"

"மறந்துட்டேன். எப்ப அழுத்துனேன்னே தெரியல."

"கேமராவையும் பாக்கலையே. மேல எங்கயோ பாக்காரு."

"என்னையப் பாக்காரு, டீச்சர்."

டீச்சர் நெகட்டிவை மறுபடியும் விளக்குப் பக்கம் கொண்டுபோனார். இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மிச்ச ஃபிலிமை இழுத்துக் காட்டினார். ஒன்றுமே இல்லாமல் வெறும் கண்ணாடித்தாளாக இருந்தது.

"இன்னும் பதினொண்ணு இருந்துச்சே, அண்ணாச்சி?"

"பேசிக்கிட்டு இருந்துட்டோம்" என்றார் செண்பகராஜ்.