அமைச்சருக்கு வளைகாப்பு

மஞ்சள்கோட்டை மகாராஜா சூரவர்மர், குடிமக்கள் கட்டிய வரியில் ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கினார். ராஜா காலத்தில் ஏது ஸ்கேன் என்று கேட்காதீர்கள். கதையில் குதிரை பறந்தால் வாயைப் பிளந்து கேட்கிறீர்கள், ஸ்கேன் மட்டும் வரக்கூடாதா?

கர்ப்பிணிகளுக்கு இலவசம் என்று தண்டோரா போட்டார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அமைச்சர் குணசாகரர் விடுவாரா? "இலவசம் என்றால் கர்ப்பமில்லாதவளும் வந்து படுத்துக்கொள்வாள். கையில் வளைகாப்பு வளையல் இருந்தால்தான் ஸ்கேன். வளையல் இல்லாமல் நானே வந்தாலும் உள்ளே விடாதே" என்று காவலாளிக்கு உத்தரவு போட்டார். மகாராஜாவும் கொட்டாவி விட்டுக்கொண்டே முத்திரை குத்திவிட்டார்.

வளைகாப்பு நடப்பது ஏழாம் மாதம். அதுவும் பெரும்பாலும் தலைப்பிரசவத்துக்குத்தான். கரு தங்கியதா, சரியான இடத்தில் தங்கியதா என்று முதல் மூன்று மாதத்தில் பார்க்கவேண்டிய மிஷின், பட்டுத்துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. "பார்த்தீர்களா, கூட்டமே இல்லை. நம் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை!" என்று சபையில் மார்தட்டினார் அமைச்சர்.

யானைக் கொட்டாரத்தில் தழை சுமக்கும் பூவாயி, ஒரு நாள் காலையில் விடங்கன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விடங்கன் அரசவையின் விகடகவி. வாயால் பிழைப்பவன், ஆனால் நல்லவன்.

"சாமி, மூணாம் மாசம். ஒரு பக்கமா சுருக்கு சுருக்குன்னு வலிக்குது. லேசா ரத்தமும் படுது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. புள்ளை தங்கலை. ஸ்கேன் சாலைக்குப் போனா வளையல் எங்கேங்கிறாங்க."

"நாலு வளையலை மாட்டிக்கொண்டு போயேன்!"

"ஐயோ, மாட்டேன் சாமி! ஏழாம் மாசத்துக்கு முந்திப் போட்டா கண்ணு பட்டுடும். இதுவும் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

விடங்கன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே சபைக்கு ஓடினான், விதியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

"குத்திய முத்திரை குத்தியதுதான்" என்றார் மகாராஜா. "விதி போட்டவரே வந்து வேண்டாம் என்று கேட்கட்டும், எடுத்துவிடுகிறேன்."

"நானா? என் தலையே போனாலும் கேட்கமாட்டேன்" என்றார் அமைச்சர்.

"போகட்டும்" என்றான் விடங்கன். "இன்று என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. சாப்பிட மட்டுமாவது வாருங்கள்."

அமைச்சருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று சாப்பாடு. இன்னொன்று பயம். ஒரு தும்மல் போட்டால் மூன்று வைத்தியர்களைக் கூப்பிடுகிற ஆள். பந்தியில் விடங்கனே நின்று பரிமாறினான். புளியோதரை மூன்று தடவை, தேங்காய் சாதம் இரண்டு தடவை, கேசரிக்குக் கணக்கே இல்லை. அமைச்சர் எழுந்திருக்கக் கை கொடுத்தவன், அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"என்ன இப்படி வேர்த்திருக்கிறது?"

"வெயில்."

"வலது பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே?"

அதுவரை அவர் பிடிக்கவில்லை. இப்போது பிடித்தார்.

"என் பெரியப்பாவும் இப்படித்தான்..."

"இப்படித்தான் என்றால்?"

"வேண்டாம். சாப்பிட்ட இடத்தில் சொல்லக்கூடாது."

"பல்லக்கு! பல்லக்கு!" என்று அலறினார் அமைச்சர். "ஸ்கேன் சாலைக்குப் போ!"

விடங்கனும் பின்னாலேயே கிளம்பினான். வளைகாப்புக்கு வந்த வளையல்காரரையும் கூட்டிக்கொண்டான். பூவாயியைப் படியில் வந்து உட்காரச் சொல்லி முன்பே ஆள் அனுப்பியிருந்தான். ஒரு விசேஷமான கர்ப்பிணி வருகிறார் என்று மகாராஜாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தான்.

வாசலில் காவலாளி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். "வளையலைக் காட்டுங்க எசமான்."

"அடேய், நான் யார் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? 'நானே வந்தாலும் விடாதே'ன்னு சொன்னதே நீங்கதானே!"

வயிறு இன்னொரு முறை முறுக்கியது. அமைச்சர் இரண்டு கைகளையும் வளையல்காரரிடம் நீட்டிவிட்டார். எண்ணெய் தடவி, விரலை மடக்கி, கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் ஏற்றினார் அவர். பச்சையும் சிவப்புமாகக் கலகலத்துக்கொண்டு அமைச்சர் உள்ளே ஓடிப் படுக்கவும், மகாராஜா வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"குணசாகரரே! எத்தனை மாதம்?"

"மகாராஜா, உயிர் போகிற வலி! இந்த மடத்தனமான விதியை முதலில் எடுங்கள். வலியோடு வருகிறவரிடம் வளையல் கேட்பது என்ன நியாயம்?"

"எடுத்தாகிவிட்டது" என்றார் மகாராஜா.

"அப்படியானால் கொஞ்சம் எழுந்திருங்கள்" என்றான் விடங்கன். "உங்களுக்கு முன்னால் வந்தவள் படியில் உட்கார்ந்திருக்கிறாள்."

பூவாயி உள்ளே வந்து படுத்தாள். மருத்துவர் உமையாள் திரையை அவள் பக்கம் திருப்பினார். "கரு சரியான இடத்துலதான் இருக்கு. இதோ மினுக்மினுக்குன்னு அடிக்குது பார், அதுதான் இதயம். தழைக்கட்டு எதுவும் தூக்காதே, படுத்து ஓய்வெடு. வாராவாரம் வந்து காட்டு." பூவாயி தேம்பித் தேம்பி அழுதாள். சொல்லும்போதே எனக்கும் கண் கலங்குகிறது.

அடுத்தது அமைச்சர். "புளியோதரை" என்றார் உமையாள்.

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. விடங்கனுக்கு ஒரு பொற்கிழி கிடைத்தது. அமைச்சர் மெல்ல வளையலைக் கழற்றப் பார்த்தார். விடங்கன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன காரியம் செய்கிறீர்கள்! வளைகாப்பு வளையலைப் பிரசவம் ஆகும்வரை கழற்றலாமா?"

"யாருடைய பிரசவம்?"

"பூவாயியினுடையதுதான்" என்றார் மகாராஜா. "இது என் கட்டளை. ஒரு வளையல் உடைந்தாலும் இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டும்."

அன்றிலிருந்து அமைச்சரைப் போல் கர்ப்பிணிமேல் அக்கறை கொண்டவர் அந்த நாட்டிலேயே கிடையாது. பூவாயி சாப்பிட்டாளா, தூங்கினாளா, வாராவாரம் ஸ்கேனுக்குப் போனாளா என்று விசாரிக்காமல் சபையில் வாய் திறக்கமாட்டார். அவளுக்கு இடுப்பு வலி கண்ட அன்று மருத்துவரைக் கூட்டிவர முதல் ஆளாக ஓடியது யார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. தெரு முழுக்கக் கலகலவென்று சத்தம் கேட்டதாம்.