இடுகாட்டுக் குழாய்

"நல்ல தண்ணி வாசல்ல வந்து நின்னாலும் குட்டைத் தண்ணிதான் வேணும்ங்கறாங்க, அம்மா," என்றார் தனக்கோடி.

அவர் குடிநீர்த் திட்டங்களுக்குப் பொறியாளர். தம் வயதேயான துறவி சீனியம்மாளிடம் சீடராகி வெகுகாலம் ஆகிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.



"கருங்குட்டைக் கிராமத்துல தொட்டி கட்டிக் குழாய் போட்டேன். ஒருத்தி எட்டிப் பார்க்கலை. போன மழையில வாந்திபேதி வந்து ஒரு பச்சப்பிள்ளை செத்துப்போச்சு."

"தொட்டி எங்க இருக்கு?"

"இடுகாட்டு ஓரமா. வேற புறம்போக்கு கிடைக்கலை. அங்க எப்பவாவதுதான் புதைக்கிறாங்க. பாதி இடம் சும்மா கிடக்கு."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"இடுகாட்டை மிதிச்சா தலைமுழுகாம வீட்டுக்குள்ள போகக் கூடாதாம். தலைமுழுகக் குட்டைக்குத்தான் போகணும். அதுக்குப் பதிலா அங்கேயே ஒரு குடம் மொண்டுட்டு வந்துடறாங்க. திருந்தாத ஜனம்."

தனக்கோடி வந்த காரியத்துக்கு வந்தார்.

"இன்னைக்கு மேலக்குறிச்சியில வேலை ஆரம்பம். அங்கேயும் இதே மாதிரி இடந்தான் வாய்ச்சிருக்கு. நீங்க ஆசீர்வாதம் பண்ணணும்."

சீனியம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல உன் தண்ணியைக் குடிக்கணும். வா."

கருங்குட்டை போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். இடுகாட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. குழாய்கள் கடையில் வாங்கிய மினுமினுப்போடு அப்படியே இருந்தன.

சீனியம்மாள் பாதையிலேயே நின்றுகொண்டு சொம்பை அவரிடம் நீட்டினார்.

"பிடிச்சிட்டு வா. தாகமா இருக்கு."

தனக்கோடி குழாயைத் திறந்தார். தண்ணீர் வேகமாகக் கொட்டியது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

சொம்பு நிறையவில்லை.

ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். இல்லை. உள்ளே கையை விட்டார். ஈரமே இல்லை.

குனிந்து தரையைப் பார்த்தார். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. அடியில் மண் காய்ந்து கிடந்தது.

மடக் மடக்கென்று யாரோ குடிக்கும் சத்தம் கேட்டது. அவருடைய முழங்கால் உயரத்தில்.

தனக்கோடி பயந்துபோனார். ஓடப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு தோள் அவரை இடித்தது. ரேஷன் கடையில் இடிப்பது போலத்தான் இருந்தது. தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டார். இன்னொரு தோள் இடித்தது. மறுபடி ஒதுங்கினார். ஒதுங்கி ஒதுங்கிப் பாதைக்கே வந்துவிட்டார்.

"தண்ணி எங்க?" என்றார் சீனியம்மாள்.

"எனக்கு முன்னால ஆளுங்க நிக்கிறாங்க, அம்மா."

"யாரு?"

"நிறையப் பேரு." குழாயைக் கை காட்டினார். "முதல்ல ஒரு பச்சப்பிள்ளை குடிச்சிட்டிருக்கு. விடாம குடிக்குது."

சீனியம்மாள் சொம்பை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

தனக்கோடியின் போன் அடித்தது. மேலக்குறிச்சியிலிருந்து மேஸ்திரி.

"சார், ஜேசிபி வந்து நிக்குது. தோண்டச் சொல்லட்டுமா?"

தனக்கோடி குழாயைத் திரும்பிப் பார்த்தார். அது இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"தோண்டாத. வண்டியை ரோட்டுக்கு எடு."

"சார்?"

"அங்க குடத்தோட போற பொம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அக்கா போறாங்க சார்."

"போனை அவங்ககிட்ட குடு. குழாய் எங்க வேணும்னு கேக்கணும்."