பரோட்டாக் கடை மருமகளோட வயிறு

வாடி இலக்கியா, இப்படி என் பக்கமா ஒருக்களிச்சுப் படு. வயித்து மேல சும்மா கை வச்சுக்கறேன், அமுக்க மாட்டேன். அம்மாவைக் கூப்பிடாத. மூணு பஸ் மாறி உன்னைத் தூக்கிட்டு வந்து, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா, தூங்கட்டும். அத்தை கதை சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நீ ம் போடணும், ம் நின்னா கதையும் நின்னுடும். என்னை இன்னைக்குத்தான் முத முதலா பாக்குற, அதனால முன்னாடியே சொல்லிடறேன். என் கதையில ராசா வர மாட்டான், வந்தாலும் அவனுக்கு வயித்தால போகும்.

ஒரு ஊர்ல ஒரு வயிறு இருந்துச்சாம்.

எதுக்குச் சிரிக்கிற? வயிறுதான். அந்த வயித்துக்கு ஒரு பொண்ணு இருந்தா. அவ ஊர்ல மழை பேஞ்சா கம்பு விளையும், பெய்யலைன்னா அதுவும் இல்ல. பொறந்ததுலேருந்து கம்பங்கூழு, கேப்பைக் களி, நாளு கிழமைன்னா அரிசிச்சோறு, இதைத் தின்னுதான் அந்த வயிறு வளந்துச்சு. ஒரு நாளும் அது வாயைத் தொறந்து பேசினதில்ல. நல்லா இருக்கிற வயிறு இருக்கிற இடமே தெரியாது.

“ம்.”

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை வீடு பெரிய ஊரு, சொந்தமாப் பரோட்டாக் கடை. சாயங்காலம் ஆனாப் போதும், டப்பு டப்புன்னு மாவு அடிப்பாங்க, சொய்ங்னு எண்ணெயில போடுவாங்க, டகடகடகன்னு கொத்துவாங்க. கடை சாத்தினதும் மிஞ்சினது வீட்டுக்கு வரும். பிச்சுப் போட்டு சால்னா ஊத்தி, அதுதான் ராத்திரி எல்லாருக்கும் சாப்பாடு. காலையில மிச்ச மாவுல பூரி. வந்தவளுக்கு நாக்குக்கு நல்லாத்தான் இருந்துச்சு, வயித்தைத்தான் யாரும் கேக்கல.

அப்போ ஒரு இருபது நாளு போயிருக்கும். வயிறு முத முதலாப் பேசிச்சு. கடகடகட… குருகுரு… புர்ர்ர். பானை மாதிரி உப்பிக்கிச்சு. கொல்லைக்குப் போறா, வாரா, போறா, வாரா. வாயெல்லாம் புண்ணு, முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது, நின்னாத் தலை சுத்துது. இதைச் சொன்னா, மாமியார்க்காரி அடிச்சுச் சொல்லிட்டா, கடை வாசல்ல நின்னு சிரிச்சிருப்பா, எவன் கண்ணோ பட்டுடுச்சுன்னு.

அப்புறம் உப்பு, மிளகாய், தெருமண்ணு எல்லாம் எடுத்துத் தலையைச் சுத்தி அடுப்புல போட்டாங்க. படபடபடன்னு வெடிச்சுது, வீடே இருமுது. கண்ணு கழிச்சவ மூணு நாளைக்குக் கஞ்சிதான் குடிக்கணும்னு அந்த வீட்டு வழக்கம். அரிசிக் கஞ்சி, கல்லு உப்பு, அவ்வளவுதான். நாலாம் நாளு வயிறு கம்முனு ஆயிடுச்சு. பாத்தியா கண்ணுதான்னு மாமியாருக்கு ஒரே பெருமை. உடம்பு தேறட்டும்னு சுடச்சுட ரெண்டு பரோட்டா போட்டுக் குடுத்தா. ராத்திரியே வயிறு என்ன சொல்லிச்சு, நீ சொல்லு?

ஆமா, கடகடகட.

அப்புறம் ரெண்டாவது. குடல்ல அழுக்கு இருக்கு, கழுவணும்னாங்க. ஏற்கெனவே போய்ப் போய் ஓஞ்சு கிடக்கிறவளுக்கு விளக்கெண்ணெய் குடுத்தாங்க, கேட்டியா அநியாயத்தை. பேதியாகி முடிஞ்சதும் அஞ்சு நாளு பத்தியம், ரசஞ்சோறு. ஆறாம் நாளு எந்திரிச்சு நடந்தா. எல்லாரும் விளக்கெண்ணெயைப் புகழ்றாங்க. கஞ்சியும் ரசஞ்சோறும் செஞ்ச வேலைக்கு மிளகாயும் எண்ணெயும் பேரு வாங்கிட்டுப் போச்சு. ஏழாம் நாளு மறுபடியும் பரோட்டா, மறுபடியும் கொல்லை.

“ம்.”

அந்த வீட்டுல ஒரு நாத்தனார் இருந்தா. மாப்பிள்ளைக்கு அக்கா. கட்டிக்குடுத்த எடத்துல ஒத்து வராம, தாய் வீட்டுக்கே திரும்பி வந்தவ. அப்படி வந்தவளை வாழாவெட்டிம்பாங்க. ஊரு சொன்னாப் பரவாயில்ல, பெத்த ஆத்தாளே சொல்லுவா. கடைப் பாத்திரம், வீட்டுப் பாத்திரம் எல்லாம் அவதான் கழுவணும். முழங்கால் வரைக்கும் முடி அவளுக்கு, அதைக் கொண்டையாச் சுருட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்தான்னா கரகரன்னு தேச்சுக்கிட்டே இருப்பா. தட்டு கழுவுறவளுக்கு அந்த வீட்டுல யாரு என்ன தின்னாங்க, எதை மிச்சம் வச்சாங்க, எல்லாம் தெரியும். கஞ்சித் தட்டு விழுந்த நாள்ல மருமக நல்லாத் தூங்குறா, சால்னாத் தட்டு விழுந்த நாள்ல நாலு தடவை கொல்லைக்கு ஓடுறா. ஒரு மாசம் பாத்தா. அப்புறம் தன் அம்மாகிட்டப் போயி, இவளுக்கு இந்த மாவு ஒத்துக்கலம்மா, கொஞ்ச நாளு நிறுத்திப் பாப்போம்னு சொன்னா.

அதுக்கு அந்தம்மா சொன்னது எனக்கு இன்னமும் காதுல இருக்கு. “பரோட்டாக் கடைக்காரன் மருமகளுக்கே பரோட்டா ஆகாதுன்னு வெளிய தெரிஞ்சா, நம்ம கடையில எவன்டி உக்காந்து திம்பான்?”

அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. கடையோட மானத்தை அவ வயித்துல கொண்டு போய் வச்சுட்டாங்க.

அப்புறம் நாத்தனார் என்ன பண்ணினா, திருட்டுத்தனமாக் கம்பு வாங்கி இடிச்சா. பொழுது சாஞ்சா காய்ச்சி வச்சு, மத்தியானம் எல்லாரும் கண்ணு அசந்த நேரத்துல மோரு ஊத்திக் கரைச்சு, தூக்குச்சட்டியில ஊத்தி, மாவு மூட்டைங்க அடுக்கியிருக்கிற உள் அறைக்குக் கொண்டு போவா. மருமக மூட்டைக்குப் பின்னாடி குத்த வச்சு உக்காந்து மடக் மடக்குன்னு குடிப்பா. பாதியில நிறுத்தி, மதினி, வலிக்கவே இல்ல மதினின்னு சொல்லுவா. ஒரு நாளு அதைச் சொல்லிட்டு அழுதுட்டா. கூழு குடிச்சதுக்கு ஒருத்தி அழுது நீ பாத்திருக்கியா?

“ம்.”

பாத்திருக்க மாட்ட, சும்மா ம் போடாத. பகல்ல இப்படி ஓடிச்சு. ஆனா ராத்திரி எல்லாரும் வட்டமா உக்காந்து தின்னும்போது அவளும் தின்னுதானே ஆகணும்? நாளாக நாளாக, கடை ஷட்டரைக் கடார்னு இழுத்துச் சாத்துற சத்தம் கேட்டதுமே அவ வயிறு முறுக்க ஆரம்பிச்சுடும். இன்னும் ஒரு வாய் திங்கல, அதுக்குள்ளயே. வயிறும் மனசும் ஒரே வீட்டுல குடியிருக்கிறதுங்கடி, ஒண்ணு அழுதா இன்னொண்ணு தூங்காது. பயந்து பயந்து தின்னா நல்ல சோறே இறங்காது, ஆகாத சோறு எப்படி இறங்கும்?

அப்போ ஒரு நாளு அந்த மாமியார் உள் அறைக்கு மூட்டை எண்ண வந்தவ தூக்குச்சட்டியைப் பாத்துட்டா. மூடியைத் தொறந்து மோந்து பாத்துட்டு, இருந்த எடத்துலயே வச்சுட்டுப் போயிட்டா. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா. மருந்து எடுக்கிற ஆளு. இது என்னன்னு கேட்டுக்கோ. யாராவது நம்மைக் கெடுக்கணும்னு முடியும் நகமும் சேத்து, சோத்துல வச்சுக் குடுத்துடுவாங்களாம், அது குடல்ல ஒட்டிக்கிட்டு ஆளை அரிக்குமாம். அதை அவன் குழாய் வச்சு உறிஞ்சி எடுப்பானாம்.

கூடத்துல பாயைப் போட்டு மருமகளைப் படுக்க வச்சாங்க. உனக்கு யாரு தனியாச் சாப்பாடு குடுக்குறாங்கன்னு அவன் கேட்டான். மதினிதான்னு அவ சொன்னா. அதுல பொய் இல்லையே. அப்புறம் தொப்புளுக்கு மேல ஒரு பித்தளைக் குழாயை வச்சு ஸ்ஸ்ஸ்ஸுனு உறிஞ்சினான். தூன்னு ஒரு இலையில துப்பினான். கறுப்பா ஒரு உருண்டை, அதைச் சுத்தி நீளமா ஒரு முடி. அது வயித்துலேருந்து வந்துச்சா, அவன் கடவாயிலேருந்து வந்துச்சான்னு அந்த மாரியாத்தாளுக்குத்தான் தெரியும். எல்லாரும் அந்த முடியைப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

ஆமா, என்னைத்தான். இனி எதுக்கு ஒளிச்சுப் பேசணும்? முழங்கால் வரைக்கும் முடி வச்சிருந்தது உன் அத்தைதான். இப்ப கழுத்தோட வெட்டிக்கிட்டேன். அந்த மருமக பேரு சண்முகக்கனி. ம்… உங்க அம்மாவேதான். அந்த மாமியாரு உனக்கு அப்பத்தா, என்னைப் பெத்த அம்மா.

“வாழாவெட்டியா வந்தவ, வாழ்றவளைப் பாத்து வயிறெரிஞ்சு வச்சுட்டா”ன்னு எங்கம்மா சொன்னா. என் தம்பி, உங்க அப்பன், கையில ஒட்டியிருந்த மாவை உருட்டி உருட்டிக் கீழ போட்டுக்கிட்டு நின்னான். நான் உங்க அம்மா மூஞ்சியையே பாத்தேன். அந்தக் கூழைக் குடிச்ச நேரத்துலதான் எனக்கு வலிக்கலைன்னு ஒரு வார்த்தை அவ சொல்லியிருந்தாப் போதும். எங்கம்மா அவகிட்டக் குனிஞ்சு, இவ குடுத்ததுதானான்னு கேட்டா. கனி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பயந்தா, அது தெரியும். ஆனா பாதி நம்பவும் செஞ்சா. அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

அன்னைக்கே ஒரு துணிப்பையோட வெளிய வந்தேன். இந்த ஊருக்கு வந்து தீப்பெட்டி ஆபீஸ்ல சேந்து, ஒன்பது வருஷம் ஆச்சு.

அப்புறம் கேளு கூத்தை. மருந்து எடுத்தவளுக்குப் பதினோரு நாளு பத்தியம். கஞ்சி. பதினோரு நாள்ல அவளுக்குக் கன்னத்துல சதைகூட வச்சுடுச்சாம். பாத்தீங்களா, அவ வெளிய போனா, இவ வயிறு நல்லாயிடுச்சுன்னு தெரு பூராச் சொன்னாங்க. பன்னெண்டாம் நாளு பரோட்டா, மறுபடியும் கொல்லை. தூரத்துல இருந்துக்கிட்டே அவ ஏதோ பண்றான்னாங்க. ஊரை விட்டே போயும் பழி மாறல, கைதான் நீண்டுடுச்சு எனக்கு.

“ம்.”

ரெண்டு வருஷம் அப்படியே ஓடி, அவ எலும்பும் தோலுமா ஆனதுக்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கேயும் குழாய்தான், வாய் வழியா உள்ள விட்டுப் பாத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. கோதுமை, மைதா, ரவை, இது எதுவுமே இந்தக் குடலுக்கு ஆகாது, ஆயுசுக்கும் தொடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நிறுத்தினாங்க. வயிறு தேறிச்சு, மறு வருஷம் நீ பொறந்த. தப்பு மாவு மேலதான்னு அந்த வீட்டுக்கே தெரிஞ்சு போச்சு. ஆனா என்னைத் தேடி ஒருத்தரும் வரல. நான் வச்ச மருந்துதான் உள்ள போயி மாவை ஆகாம பண்ணிடுச்சுன்னு எங்கம்மா அதுக்கும் ஒரு விளக்கம் வச்சிருந்தாளாம்.

அப்புறம் இப்ப உனக்கு. அதே உப்பல், அதே கடகட. வந்ததும் உங்க அம்மா வாசல்லயே நின்னு சொன்னா. அந்தப் பழைய மருந்து கருவுலயே இறங்கிடுச்சாம், நாளைக்கு உன்னைப் பாயில படுக்க வச்சுக் குழாய் வைக்கணும்னு உங்க அப்பத்தா சொல்லிட்டாளாம். போக்கிடம் இல்லாம, என் வீட்டு அட்ரஸை யார் யாருகிட்டயோ கேட்டு, விடியுறதுக்கு முன்னாடியே பஸ் ஏறியிருக்கா. காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடிம்பாங்க. நான் கழுதை. கதவைத் தொறந்துட்டேன்.

என்னடி, ம்மைக் காணோம்? தூங்கிட்டியா?

“ம்.”

இது உன் குரல் இல்லையே. சுவத்துப் பக்கத்துலேருந்துல்ல வருது.

முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தியா கனி? இருப்பன்னு தெரியும். அந்தக் கதையைப் புள்ளைக்கா சொன்னேன்? ஒன்பது வருஷம் கழிச்சு ஒரு ம் போடுற. அழாத, அழுதுக்கிட்டே படுத்தா அதுவும் வயித்துக்கு ஆகாது. உன்னை மன்னிச்சுட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாயில ஒண்ணு சொல்லிச் சோறு போட எனக்கு வராது. கம்பு காய்ச்சி வச்சிருக்கேன். காலையில கரைச்சுத் தரேன், நீயும் உன் மகளும் தெரு வாசல்ல உக்காந்து, போறவன் வாரவன் பாக்க அதைக் குடிக்கணும். என் வீட்டுல மூட்டைக்குப் பின்னாடியெல்லாம் குடிக்கக் கூடாது.

நாளைக்கு எங்கம்மா உன் புள்ளையைத் தேடி வருவா. அந்த ஆளையும் கையோட கூட்டிட்டு வருவா. நான் வாயைத் தொறக்க மாட்டேன். என் பேச்சுதான் அன்னைக்கே முடிஞ்சு போச்சே. நீ வாசல்ல நின்னு சொல்லு, அன்னைக்குச் சொல்லாம விட்டதை. நான் பின்னாடி நின்னு ம் போடுறேன்.

சரி, கதை முடிஞ்சுது, கூழு பானையில கிடக்கு, கண்ணை மூடு.